முடித்து வைப்பவள்

ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறவளுக்குப் புடவை விற்பது பாதி வேலைதான். வருகிறவர்கள் வாய் திறந்து முடிப்பதற்குள் அவர்கள் மனசில் இருக்கிற புடவையை எடுத்து விரித்துப் போட வேண்டும். "கொஞ்சம் அடக்கமா, ஆனா அதுக்காக..." என்று ஒரு அம்மா இழுத்தாலே எனக்குப் போதும். அரக்கில் பச்சைக் கரை வைத்ததை அவர் மடியருகே தள்ளிவிடுவேன். "இதைத்தான் சொல்ல வந்தேன்" என்பார். எதிரே நின்றாலே புடவையை நம் மேல் கட்டிக் காட்டுகிற கண்ணாடியெல்லாம் கடைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பட்டுக்கு வருகிறவர்கள் கோகிலவாணி இருக்கிறாளா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறைய.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் கட்டிக்கொண்டது ஒரு திக்குவாய்க்காரரை. பெயர் பூபதி. அந்தப் பெயரைச் சொல்வதுதான் அவருக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரே நிற்கிறவர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதனால் டவுன்ஹால் பக்கத்து ஜூஸ் கடையில் பெயர் கேட்டபோது 'அருண்' என்று சொல்லிவிட்டார். அது அவருக்குச் சுலபமாக வரும். அன்றிலிருந்து அந்தக் கடைக்கு அவர் அருண் அண்ணன். காபி குடிக்கிற ஆசையோடு போய் டீ குடித்துவிட்டு வருவார். திக்குவாய்க்காரர்கள் எல்லாருமே இப்படித்தானாம். வேண்டியதைச் சொல்ல மாட்டார்கள், வருகிறதைச் சொல்வார்கள்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இது இவ்வளவு பெரிய சங்கடமாகத் தெரியவில்லை. பிறகு எதைத் தொட்டாலும் வாய் வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் இருந்த பொத்தான்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "எந்தத் தளம்?" என்று கேட்கிற ஒரு பெண் குரலை வைத்தார்கள். நாங்கள் இருப்பது பத்தாவது மாடி. இவர் உதட்டை மூடிக்கொண்டு முட்டுவார். "மன்னிக்கவும், யாரும் இல்லை போலிருக்கிறது" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு அது கதவைத் திறந்துவிடும். கேஸ் பதிவு, ரேஷன், பாங்கு, எங்கே போனாலும் அதே தேன். ஆறடி மனிதன் வியர்க்க விறுவிறுக்க நிற்கிறார், யாரும் இல்லையாம். நான் கூட இருந்தால் "பத்து" என்று நான் சொல்வேன். இல்லாத நாட்களில் படியேறுவார்.

ஆக, அவருக்கு நான்தான் வாய். அவர் ஆரம்பிப்பார், நான் முடித்து வைப்பேன். எங்கள் சொந்தக்காரர்கள் அவரிடம் ஒன்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அவருக்கும் அது நிம்மதி என்றுதான் நினைத்தேன். நான் முடித்ததும் தலையாட்டுவார், நெற்றியைத் துடைத்துக்கொள்வார், கதை முடிந்தது.

குழந்தைக்காக நாங்கள் ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலத்திலும் அப்படித்தான். ஊசி, மருந்து, கரு தங்காமல் போவது, மறுபடி ஊசி. கடைசியாக அந்த டாக்டரம்மா அவரைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கறீங்க? மேற்கொண்டு பார்க்கலாமா, நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். இவர் "இன்னொரு..." என்று ஆரம்பித்து நின்றார். முகம் எப்படி இருந்தது என்றால், சுமையை இறக்கி வைக்க இடம் தேடுகிறவர் முகம். எனக்கு உள்ளுக்குள் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிக் கேட்பது? "இன்னொரு தடவை வேண்டாங்கறாருங்க, போதும்னு சொல்றாரு" என்று முடித்து வைத்தேன். தலையாட்டினார். பஸ்ஸில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். அவருக்காக விட்டுக்கொடுத்தேன் என்கிற பெருமை எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

அவருக்கு வேலை மோட்டார் பம்ப் கம்பெனியில், சோதனைப் பிரிவில். பம்பை ஓடவிட்டு அளவு பார்த்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் தொல்லை இல்லை. அங்கேயும் வாயை வைத்தார்கள். அளவைச் சத்தமாகச் சொன்னால்தான் மெஷின் ஏற்றுக்கொள்ளும். இவர் சோதித்த பம்புகளில் பாதி 'பதிவாகவில்லை' என்று திரும்பி வந்தன. மேனேஜர் கூப்பிட்டு, பேக்கிங்கில் ஆள் வேண்டியிருக்கிறது, அங்கே பேசுகிற வேலை கிடையாது என்று இதமாகச் சொன்னார். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. யார் யாரிடமோ விசாரித்து மூளை டாக்டர் அமலோற்பவத்திடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பேசத் தெரியாம இல்லம்மா" என்றார் டாக்டர். "வண்டி நல்ல வண்டி. பிரேக்தான் ரொம்பக் கடிக்குது."

"பிரேக்குங்களா?"

"நம்ம எல்லாருக்கும் மூளையில ஒரு பிரேக் இருக்கு. பாத்திரத்தை எடுக்கக் கை நீட்டறோம், சுடும்னு தோணினதும் பாதியில நிறுத்தறோம். அதைச் செய்யறது அதுதான். பேச ஆரம்பிக்கறப்ப அது விட்டுக் கொடுக்கணும். இவருக்கு விட்டுக் கொடுக்க மாட்டேங்குது. இவரு ஆக்சிலேட்டரை முறுக்கறாரு, அது பிடிச்சு இழுக்குது. அந்த இழுபறியைத்தான் நாம திக்கல்னு பார்க்கறோம். எல்லாருக்கும் இப்படியான்னு தெரியாது. இவரோட ஸ்கேன் படத்துல தெளிவா தெரியுது."

காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு வில்லை வைப்பார்களாம். வட்டமாக, சட்டைப் பொத்தான் அளவு. அது மூளையின் அந்த இடத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிரேக் தளர்ந்துவிடும்.

இவர் முன்னால் சாய்ந்து, "அப்ப நா..." என்று ஆரம்பித்தார்.

"நாளைக்கே வெச்சிரலாமான்னு கேக்கறாருங்க" என்றேன். தலையாட்டினார்.

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளி நிறம், மேலே கல்லுக்குப் பதிலாக ஒரு சின்னப் பொத்தான்.

"வாய்க்கு மட்டும்னு பிரேக்கைத் தளர்த்த முடியாதும்மா. கை கால் எல்லாத்துக்கும் அதே பிரேக்தான். ஆரம்பிச்ச காரியத்தைப் பாதியில நிறுத்தறது இவருக்குக் கஷ்டமாயிரும். ரோட்டுல கால் வெச்சுட்டா வண்டி வந்தாலும் கால் போயிட்டே இருக்கும். அதனால கூட இருக்கறவங்க ஒருத்தர் இதைப் போட்டிருக்கணும். அழுத்தினா வில்லை சட்டுனு ஓயும், பிரேக் பழையபடி பிடிக்கும். துணையாள் இல்லாம வில்லை வெக்க அனுமதி கிடையாது."

"எந்நேரமுமா அழுத்தணும்?"

"ஆபத்துன்னா மட்டும்" என்றார் டாக்டர். அந்த 'மட்டும்' எனக்கு அன்றைக்குக் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

பொங்கல் முடிந்து வில்லை வைத்தார்கள். அதை ஓடவிட்ட நர்ஸ், "உங்க பேரு சொல்லுங்க சார்" என்றாள். "பூபதி" என்றார். ஒரு தடங்கலும் இல்லை. மறுபடி சொன்னார். அப்புறம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திரும்புகிற வழியில் ஜூஸ் கடையில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், "தம்பி, என் பேரு அருண் இல்ல, பூபதி" என்றார். அந்த ஆள், "சரிங்கண்ணா, உங்க தம்பிங்களா அருண்?" என்று கேட்டான். அன்றைக்குச் சிரித்தது போல நாங்கள் சிரித்து நாளாகியிருந்தது.

கம்பெனியில் வேலை நிலைத்தது, அவர்கள் வண்டியே வாசலில் ஏற்றி இறக்கியது. லிஃப்ட் அவரை மனிதராக மதித்துப் பத்தாவது மாடிக்குக் கூட்டி வந்தது. வீட்டில்தான் புது வம்பு ஆரம்பமானது. அவர் பேசினார். நான் முடிக்க வாய் திறப்பதற்குள் அவரே முடித்துவிடுவார். முடித்தது என்னுடைய முடிவு போல இருப்பதில்லை.

"கோகிலா, எனக்கு பீன்ஸ் பொரியல் புடிக்காது" என்றார் ஒருநாள்.

"ஏனுங்க, இத்தனை வருஷமா பீன்ஸ் வேணும்னு கேட்டுக் கேட்டுத் தின்னீங்களே?"

"பீ... பீன்னு நின்னது பீர்க்கங்காய். நீதான் பீன்ஸுன்னுட்ட."

வண்டி வாங்கும்போது சாம்பல் நிறம் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தாராம். எங்கள் பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவருக்கு வர ஆசையாம், நான்தான் உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டேனாம். டாக்டரிடம் 'அப்ப நா' என்று ஆரம்பித்தது, நான் கொஞ்சம் யோசிக்கணும் என்று சொல்லவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்குத் தலையாட்டினீங்க? ஒரு தடவை இல்லைன்னு ஆட்டியிருக்கலாம் இல்ல? அதுக்குமா திக்கும்?" என்று கத்தினேன். அவர், "ஆட்டினா மறுபடி முதல்ல இருந்து சொல்லணும். எல்லாரும் பார்த்துட்டு நிப்பாங்க" என்றார். கடையில் எத்தனையோ பேர் 'இதைத்தான் சொல்ல வந்தேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சும்மா தலையாட்டினார்களோ என்று அன்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

மோதிரத்தை நான் முதலில் அழுத்தியது காந்திபுரத்தில். நகரம் முழுக்க ஓட்டுநர் இல்லாத பஸ்கள், சத்தமே போடாமல் வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் தெரிந்தவர் யாரோ கூப்பிட, இவர் கையை உயர்த்திக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். பஸ் திரும்பி வருவதை அவரும் பார்த்தார், கண் விரிந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் கால் அடுத்த அடியை வைத்துக்கொண்டிருந்தது. அழுத்தினேன். ஆணி அடித்தது போல நின்றார். பஸ் அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. "காதுக்குள்ள சுருக்குன்னு இழுத்துச்சு" என்றார் பிறகு. அவர் கையை விடாமல் வீடு வரை வந்தேன். அன்றைக்கு அந்த மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை ஒரு எழவு வீட்டில். யாரோ ஒருவர் மாலையை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் தடுக்கி, மாலை பக்கத்தில் நின்ற பஞ்சாயத்துத் தலைவர் கழுத்தில் போய் விழுந்துவிட்டது. எல்லாருக்கும் சிரிப்பு வந்தது, எல்லாரும் அடக்கிக்கொண்டார்கள். இவரால் முடியவில்லை. அழுகிற பொம்பளைகள் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுத்தினேன். இது ஆபத்தா இல்லையா? எங்களுக்கு ஆபத்துதான்.

மூன்றாவது, என் தங்கை வீட்டில். அவள் புருஷன் சீட்டாடுவதைப் பற்றி இவர் ஆரம்பித்தார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் அழுத்தினேன். அதற்கப்புறம் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. என் சமையலைப் பற்றி, என் பேச்சைப் பற்றி, நான் கடையிலிருந்து வந்ததும் டிவியைப் போடுவதைப் பற்றி, ஆரம்பித்தால் முடிக்காமல் விட மாட்டார். வாயடைத்து நின்ற ஒரு மனிதரோடு இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டு, திடீரென்று ஒவ்வொரு பேச்சையும் கடைசி வரை கேட்க வேண்டும் என்றால் யாரால் முடியும்? கட்டைவிரல் தானாகப் போய்விடும். அவர் பாதியில் நிற்பார். மிச்சத்தை நான் முடித்து வைப்பேன். பழைய வாழ்க்கை திரும்பிவிட்டது போல இருக்கும்.

ஆடிப் பதினெட்டுக்குப் பேரூருக்குப் போனோம். நொய்யலில் தண்ணீர் வந்திருந்தது. கன்னிமாருக்கு ஏழு கூழாங்கல் எடுத்து வைத்து, மஞ்சள் பூசிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். நான் கையை முழங்கை வரை ஆற்றில் விட்டுத் துழாவிக் கல் பொறுக்கினேன். குழந்தை வேண்டும் என்று கும்பிட்ட காலம் போய்விட்டது. ஆனாலும் கை குவித்ததும் பழக்கத்தில் அதுதான் வாயில் வந்தது. இவர் கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிக்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். புதுசு பழசாகிவிட்டது என்று நினைத்தேன். தீபாவளி நெருங்கியதும் கடையில் மூச்சு விட நேரமில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அன்றைய கதையைச் சொன்னேன். ஒரு அம்மா மகளுடைய வளைகாப்புக்குப் புடவை எடுக்க வந்தார், கிளிப்பச்சை கேட்டார், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பார்க்கவே அழகாக இருந்தது, இப்படி.

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"கோகிலா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா கேட்டப்ப நான் சொல்ல வந்தது என்னன்னா..."

அழுத்திவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. பீன்ஸ், வண்டி, கிரகப்பிரவேசம் என்று எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு வந்தவர் இப்போது இதற்கு வந்துவிட்டார். குழந்தையே எனக்கு வேண்டாமாக இருந்தது, உனக்காகத்தான் வந்தேன் என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. அதைப் பற்றி நினைக்கவே எனக்குத் தைரியமில்லை.

அவர் நின்றார். வாய் மூடியது. தட்டை எடுத்துக்கொண்டார்.

"போதும்னு சொல்ல வந்தீங்க. அதைத்தான் அன்னிக்கே நான் சொல்லிட்டேனே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றேன்.

தலையாட்டினார். ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார்.

தீபாவளி கழிந்து, மோதிரத்தைச் சோதனைக்குக் கொண்டு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு பெண் அதை வாங்கி ஒரு கருவியில் வைத்துப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"அக்கா, இது வேலை செய்யறதில்லீங்க. உள்ள தண்ணி போயிருக்கு."

"நல்லாத்தானே வேலை செய்யுது. முந்தா நாள்கூட அழுத்தினேன், நின்னாரே."

"இல்லீங்கக்கா. ஆடி பதினெட்டு காலையில ஒண்ணு அழுத்தியிருக்கீங்க. அதான் கடைசி. அதுக்கப்புறம் எதுவுமே வில்லைக்குப் போகல."

எனக்குக் கோபம் வந்தது. மெஷின் தப்பு, போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வா என்று அவளிடம் சண்டை போட்டேன். டாக்டர் அமலோற்பவம் வந்து பார்த்துவிட்டு என்னை உள்ளே உட்கார வைத்தார்.

"அப்படின்னா அவரோட பிரேக் சரியாயிருச்சுங்களா டாக்டர்?"

"வில்லை ஓடிட்டுதான் இருக்கு. அந்தப் பிரேக் தளர்ந்துதான் இருக்கு. ஆனா பிரேக்கு ரெண்டு விதம்மா. ஒண்ணு, குறுக்க ஏதாவது வந்தா சட்டுனு மிதிக்கறது. அதை வில்லை தளர்த்தும். இன்னொண்ணு, என்ன வருமோன்னு பயந்து முன்கூட்டியே கால்ல அழுத்திட்டே வண்டி ஓட்டறது. அது வருஷக்கணக்கா பழகினது. அதுக்கு எங்ககிட்ட வில்லை இல்ல."

"எனக்குப் புரியலீங்க."

"உங்க கை மோதிரத்துக்குப் போறதைப் பார்த்து அவரா நின்னிருக்காரு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க கையைப் பார்க்கப் பழகியிருப்பாரு."

ஆடியிலிருந்து இத்தனை நாளும் இந்தச் செத்த மோதிரத்தை நம்பித்தான் அந்த மனிதரைக் காந்திபுரத்தில் ரோடு கடக்க விட்டிருக்கிறேன். டாக்டர் புது மோதிரம் ஒன்றை எடுத்து வைத்தார். "இது இல்லாம வில்லையை ஓட விட முடியாது. வேண்டாம்னா நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க, நிறுத்திரலாம். ஆனா பழையபடி திக்கும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நிறுத்தினால் பேக்கிங்தான். நான் புது மோதிரத்தைத் தொடவில்லை. பழையதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று விடுமுறை. மோதிரத்தைத் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது செத்துப் போச்சாம். ஆடியிலயே."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"காதுல சுருக்குன்னு இழுக்கும்ல. ஆடிக்கு அப்புறம் இழுக்கறதே இல்ல."

"அப்புறம் ஏனுங்க நின்னீங்க?"

அவர் ஒரு துண்டை எடுத்து நான்காக மடித்தார். "நீ அழுத்தினியே."

"நான் அழுத்தினா? செத்த மோதிரத்தை அழுத்தினா நீங்க எதுக்கு நிக்கணும்?"

"நிறுத்தச் சொல்ற. நின்னேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் பேசறீங்க, லிஃப்டுகிட்டப் பேசறீங்க, என்கிட்ட மட்டும் பொம்மையாட்டம் நின்னீங்களா? ஏமாத்திட்டு இருந்தீங்களா? அன்னிக்கு சோறு தின்னுட்டு இருந்தப்ப, ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்தீங்களே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"இப்ப சொல்லுங்க. அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட என்ன சொல்ல வந்தீங்க?"

அவர் துணியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னொரு..." என்றார். நின்றார்.

வில்லை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் நின்றார். உதடு நடுங்கியது, கண் இறுகியது, கழுத்து நரம்பு எழும்பியது. தை மாதத்திலிருந்து நான் பார்க்காத அந்த முகம். சுமையை இறக்க இடம் தேடுகிற முகம் என்று அன்றைக்கு நான் நினைத்த அதே முகம். அடுத்த சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் முடித்தால் ஒரு நொடி வேலை. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு முடித்து வைக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ ஒரு குழந்தையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் மூச்சை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் முட்டினார். ஒரு மனிதன் பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இன்னொரு த... தடவை பா... பாத்துறலாங்கன்னு சொல்ல வந்தேன்."

குக்கர் மறுபடி விசில் அடித்தது.

"அப்புறம் எதுக்கு..." என் குரல் உடைந்தது. "அப்புறம் எதுக்குத் தலையாட்டினீங்க?"

"நீ போதும்னுட்ட. உனக்குத்தான் ஊசி, உனக்குத்தான் வலி. நீ களைச்சுப் போய் எம்பேர்ல சொல்லிட்டயாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். உனக்கே வேண்டாங்கறப்ப நான் எப்படி..." என்றார். திக்காமல்தான் சொன்னார், ஆனால் அதற்கு மேல் முடிக்கவில்லை.

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. என்னை அறைய வேண்டும் போல இருந்தது. நாற்பத்தைந்து வயசுக்கு மேல் இனி எந்த டாக்டரம்மா கேட்பார், இன்னொரு தடவை பார்க்கலாமா என்று. எனக்கும் வேண்டும் என்றுதான் இருந்தது, உங்களுக்காகத்தான் விட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஐந்தாறு சொல். ஆற்றில் கல் எடுத்த கையோடு கன்னிமாரிடம் சொன்னதை இந்த மனிதரிடம் சொல்ல வேண்டும்.

"எனக்..." என்றேன். நின்றுவிட்டேன். மறுபடி, "எனக்கு..." என்றேன். வரவில்லை. கோகிலவாணிக்கு வாய் வரவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்ல வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் தெரிந்தது.

அவர் முடித்து வைக்கவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.